ஆட்டோமேட்டிக் பிக்கப்: எந்த கியரில் வண்டியை யார் பிடித்திருக்கிறார்கள்?

கேட்டவர் இருபது வருடம் கிளட்ச் வண்டி ஓட்டியவர். வால்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்காக இப்போது ஆட்டோமேட்டிக் டபுள் கேப் பிக்கப் வாங்கியிருக்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று. சரிவில் நிறுத்தும்போது 'பி' (பார்க்) மட்டும் போதுமா, ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டுமா? ஆழியாறு இறக்கத்தில் 'டி'யிலேயே (டிரைவ்) வரலாமா, டீசல் மிச்சமாக 'என்'னில் (நியூட்ரல்) விடலாமா? லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல், கழித்தல் குறிகள் எதற்கு?

இரண்டாவது கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் இதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு தடவை இறங்கிவிடக்கூடும்: இறக்கத்தில் 'என்' போடவே போடாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

நான் ஓமானில் பதினோரு வருடம் பிக்கப் ஓட்டினேன். பாதி நாள் மணல், மீதி நாள் மலை. ஊருக்குத் திரும்பிய பிறகு சொந்த வேலைக்கும் பிக்கப்தான். அங்கே ஆட்டோமேட்டிக் பழகிய முதல் மாதத்தில், எனக்குச் சொல்லிக்கொடுத்த மலையாளிச் சேட்டன் பி, ஆர் (ரிவர்ஸ்), என், டி என்று மனப்பாடம் செய்யவே விடவில்லை. எங்காவது வண்டி நின்றால் ஒரே கேள்விதான் கேட்பார்: "இப்போ வண்டியைப் பிடிச்சிட்டிருக்கிறது யாரு?" உன் கால் பிடித்திருக்கிறதா, ஹேண்ட் பிரேக்கா, என்ஜினா, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கொக்கியா, அல்லது யாருமே பிடிக்கவில்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் லீவரை எங்கே வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

'பி'யிலிருந்து ஆரம்பிக்கலாம். நிறையப் பேர் அதை ஒரு பிரேக் என்று நினைக்கிறார்கள். அது பிரேக் இல்லை, தாழ்ப்பாள். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டில் ஒரு பல் சக்கரம் இருக்கும். 'பி' போட்டால் விரல் பருமனில் ஒரு இரும்புக் கொக்கி அந்தப் பல்லுக்கு நடுவே விழுந்து ஷாஃப்ட்டைச் சுற்றவிடாமல் தடுக்கும். அவ்வளவுதான். காலி வண்டியே ஏறக்குறைய இரண்டு டன். பின்னால் உரமூட்டை ஏற்றி, செங்குத்தான பாதையில் 'பி' மட்டும் போட்டுக் காலை எடுத்தால் மொத்தப் பாரமும் அந்தக் கொக்கியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். உடனே உடையாது, உண்மைதான். ஆனால் மறுபடி எடுக்கும்போது லீவர் இறுகிப்போய் வராது, பலமாக இழுத்தால் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு வரும். அந்தச் சத்தம் வந்தால் நிறுத்திய முறை தவறு என்று அர்த்தம்.

சரியான வரிசை இது. கால் பிரேக்கை அழுத்தி நிறுத்துங்கள். லீவரை 'என்'னுக்குக் கொண்டுவாருங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். இப்போது கால் பிரேக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். வண்டி ஒரு அரை அங்குலம் அசைந்து ஹேண்ட் பிரேக்கின் மேல் உட்காரும். அதன் பிறகுதான் கால் பிரேக்கைத் திரும்ப அழுத்திக்கொண்டு 'பி'. அப்புறம் என்ஜினை அணைக்க வேண்டும். எடுக்கும்போது ஸ்டார்ட் செய்து, கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு முதலில் 'டி', பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பாரத்தை ஹேண்ட் பிரேக் தாங்க வேண்டும், 'பி' அதற்குக் காவல் நிற்க வேண்டும். கூடவே முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால், இரண்டும் கைவிட்டாலும் வண்டி பள்ளத்துக்குப் போகாமல் மண்திட்டில் முட்டி நிற்கும்.

இனி, பிக்கப்புக்கே உரிய ஒரு சங்கதி. கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது. 'பி' பிடிப்பது ஷாஃப்ட்டை, சக்கரத்தை அல்ல. ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்புகள் சாதாரணமாக 2 ஹை நிலையில் ஓடும்போது கியர்பாக்ஸ் பின்சக்கரங்களோடு மட்டும்தான் இணைந்திருக்கும். முன்சக்கரங்கள் இரண்டும் சுதந்திரமாகச் சுற்றும். பின்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது, நம் மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்களே, அது. ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுற்ற அது அனுமதிக்கும். இரண்டு சக்கரமும் தரையை நன்றாகப் பற்றியிருக்கும்வரை இது பிரச்சினையே இல்லை. ஒன்றை மட்டும் தூக்கிப் பாருங்கள்.

பின்டயர் பஞ்சர். சரிவான ரோடு. 'பி' போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஜாக்கி வைத்து ஏற்றுகிறீர்கள். டயர் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் தூக்கிய சக்கரம் பின்பக்கமாகச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் முன்பக்கமாக உருள, வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்துவிடும். 'பி' தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும். ஆனால் வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரங்களில்தான் வேலை செய்கிறது. ஒன்று அந்தரத்தில் இருப்பதால் மிச்சம் ஒற்றைச் சக்கரம்தான் முழு வண்டியையும் பிடிக்க வேண்டும். ஆகவே பிக்கப்பில் பின்டயர் மாற்றும்போது முன்சக்கரங்களுக்கும், தரையில் இருக்கும் பின்சக்கரத்துக்கும் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடக்கூடாது. முடிந்தால் சமதரைவரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விடுங்கள். டயர் போனால் போகட்டும். ரெண்டு முக்கோணக் கட்டைகளை சீட்டுக்கு அடியில் நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். கல் தேடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், தேவைப்படும் இடத்தில் உருண்டைக் கல்தான் கிடைக்கும்.

ஒரு பின்சக்கரம் சேற்றிலோ சரளைமேலோ நிற்கும்போதும் இதே கதைதான். அந்தப் பக்கம் வழுக்கினால் 'பி'யின் பிடி பலவீனமாகிவிடும். தோட்டப் பாதையில் அப்படி நிறுத்த வேண்டி வந்தால், நிறுத்துவதற்கு முன்பே 4 ஹையில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, டாஷ்போர்டில் விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது 'பி' முன்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 4 ஹையிலிருந்து 4 லோவுக்கு (நாலு சக்கரமும் மெதுவாக, ஆனால் கூடுதல் இழுவையோடு ஓடும் நிலை) மாற வண்டியை முழுக்க நிறுத்தி, லீவரை 'என்'னில் வைத்துத்தான் குமிழைத் திருப்ப வேண்டும். மாறும் அந்தச் சில நொடிகள், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எதோடும் இணையாமல் நிற்கும். விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு 'பி' போட்டு இறங்கினால், கொக்கி ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும், ஆனால் ஷாஃப்ட் சக்கரத்தோடு இணைந்திருக்காது. பழைய மாடல்களில் டிரான்ஸ்ஃபர் லீவரிலேயே 'என்' என்று ஒரு இடம் இருக்கும். அதில் விழுந்துவிட்டால் 'பி' வெறும் அலங்காரம். அதனால் 4 லோ மாற்றும்போது கால் பிரேக்கிலேயே இருக்கட்டும்.

'பி' விழுந்துவிட்டது என்று நாம் நினைப்பதும், அது உண்மையில் விழுவதும் வேறு வேறு. இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. ஓமானில் இப்ரா ஊருக்குத் தெற்கே ஒரு சைட்டில் கேட்டைத் திறக்க இறங்கினேன். வெயிலுக்கு ஏ.சி. ஓடட்டும் என்று என்ஜினை அணைக்கவில்லை, ஹேண்ட் பிரேக்கும் இழுக்கவில்லை. லீவரை மேலே தள்ளினேன், 'பி' என்று நினைத்தேன். அது 'ஆர்'. வண்டியின் மூக்கு லேசான இறக்கத்தைப் பார்த்து நின்றது. ஐடிலில் பின்னோக்கி இழுக்கும் விசையும் முன்னோக்கி இழுக்கும் சரிவும் சமமாகிப்போனதால் வண்டி சிலைபோல நின்றது, நானும் நம்பி இறங்கினேன். பத்தடி நடந்திருப்பேன். ஏ.சி. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் என்ஜின் வேகம் கொஞ்சம் கூடியது. திறந்த கதவோடு வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. நல்லவேளை பின்னால் ஆள் இல்லை, செங்கல் அடுக்குதான் இருந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்ததில் தப்பில்லை.

இது என் கவனக்குறைவு மட்டும் அல்ல, இதற்கு நீண்ட வரலாறே உண்டு. அமெரிக்காவில் 1966 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு கார்கள், பிக்கப்புகள் பலவற்றில் லீவர் 'பி'யில் இருப்பதுபோலத் தெரிந்தும் 'பி'க்கும் 'ஆர்'க்கும் நடுவே தொங்கி நிற்பதாகவும், என்ஜின் அதிர்விலோ கதவை அறைந்து சாத்தும்போதோ 'ஆர்'க்குள் விழுந்து வண்டி தானாகப் பின்னால் போவதாகவும் புகார்கள் குவிந்தன. அரசு விசாரித்தது. கடைசியில் 1980 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை. 2 கோடியே 30 லட்சம் வண்டிக்காரர்களுக்கு டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கரை அனுப்பி வைத்தது. வண்டியைத் திருத்துவதற்குப் பதில் ஓட்டுநரைத் திருத்தப் பார்த்த அந்தத் தீர்வு எனக்கு உவப்பானதில்லை. ஆனால் அதில் சொன்ன விஷயம் சரி: லீவர் முழுதாக 'பி'யில் விழுந்ததா என்று பார், ஹேண்ட் பிரேக்கை இழு, என்ஜினை அணை. 2016இல் ஃபியட் கிறைஸ்லர் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இதே வகைப் பிரச்சினைக்காகத்தான். தள்ளிவிட்டால் திரும்ப நடுவுக்கே வந்து நிற்கும் எலெக்ட்ரானிக் லீவரில், 'பி' போட்டாயிற்றா இல்லையா என்பது கைக்குத் தெரியவில்லை. நடிகர் ஆன்டன் யெல்ச்சின் அந்த ஆண்டு ஜூனில் தன் ஜீப்பாலேயே வீட்டு வாசலில் நசுங்கி இறந்தார். உங்கள் பிக்கப்பில் நல்ல பழைய பாணி லீவர்தான் இருக்கும். ஆனாலும் இறங்குவதற்கு முன்பு டாஷ்போர்டில் எழுத்தைப் பாருங்கள், கால் பிரேக்கை ஒரு நொடி தளர்த்தி வண்டி அசைகிறதா என்று பாருங்கள்.

வண்டி ஓடும்போது தவறிப்போய் 'பி' பக்கம் தள்ளினால் கொக்கி பல்லின் மேல் 'கர்ர்ர்' என்று தாவித் தாவிப் போகும், விழாது. நடக்கும் வேகத்துக்கு வண்டி குறைந்ததும் சட்டென்று விழும். வண்டி ஒரு குலுக்கலோடு நிற்கும், கொக்கி உடைந்தாலும் உடையும்.

'ஆர்' பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும். முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே 'ஆர்' போட்டு அப்படியே திருப்பும் பழக்கம் கிளட்ச் வண்டியில் பல் கரகரத்து உங்களைத் தடுத்திருக்கும். இதில் தடுக்காது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள்தான் பேசாமல் தேயும். சேற்றில் மாட்டி 'டி'யும் 'ஆர்'உம் மாற்றி மாற்றி ஆட்டி எடுக்கும்போதும் ஒவ்வொரு முறையும் சக்கரம் சுற்றுவது நின்றதா என்று பார்த்து மாற்றுங்கள். நாலைந்து தடவை முயன்றும் வரவில்லையென்றால் மண்வெட்டியை எடுங்கள். அதற்கு மேல் கியர் ஆயில்தான் கொதிக்கும்.

'ஆர்', 'என்', 'டி' என்று இந்த வரிசையில் இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு. பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்து வெற்றிபெற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக்கான ஹைட்ராமேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபிலில் வந்தபோது ரிவர்ஸ் கடைக்கோடியில், முன் செல்லும் லோ கியருக்கு அடுத்ததாக இருந்தது. லோவுக்கு இழுக்கப்போய் ரிவர்ஸில் போய் விழ வாய்ப்பு உண்டு. பிறகு 1968 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதி, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே கட்டாயம் நியூட்ரல் இருக்க வேண்டும், 'பி' இருந்தால் அது ஒரு ஓரத்தில் 'ஆர்'க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உலகம் முழுக்க அதுவே பழக்கமாகிவிட்டது.

சரி, 'என்'னுக்கு வருவோம். அங்கே வண்டியைப் பிடிப்பது யார்? யாரும் இல்லை. அதனால்தான் இறக்கத்தில் அது கூடாது. டீசல் மிச்சம் என்பது பழைய காலத்துக் கணக்கு. இன்றைய என்ஜினில் 'டி'யில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றவைக்கும். கம்ப்யூட்டர் டீசல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். 'என்'னில் விட்டால் சக்கரத்தின் தொடர்பு அறுந்துவிடும், என்ஜின் அணையாமல் இருக்கத் தானே டீசல் குடிக்க வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கப் போய் செலவுதான். அதற்கு விலையாக வண்டியின் முழு வேகத்தையும் பிரேக் லைனரின் தலையில் கட்டுகிறீர்கள்.

சிக்னலில் 'என்' வேண்டுமா என்றால், அரை நிமிடத்துக்கு வேண்டாம், 'டி'யிலேயே பிரேக் மிதித்து நில்லுங்கள். ரயில்வே கேட் போல நெடுநேரம் என்றால் 'என்' போட்டு ஹேண்ட் பிரேக். ஆனால் 'என்' உயிர் காக்கும் ஒரு தருணம் உண்டு. ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டு வண்டி சீறினால் உடனே 'என்' தள்ளி, பிரேக்கை விடாமல் அழுத்தி ஓரங்கட்டுங்கள். என்ஜின் கத்தும், கத்தட்டும். ஓடும்போது சாவியைத் திருப்பாதீர்கள், பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் துணைவிசையும் போய்விடும். 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் தரைவிரிப்பு பெடலில் மாட்டும் அபாயத்துக்காக லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது டக்கோமா, டண்ட்ரா பிக்கப்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. உங்கள் வண்டியில் ஒரு ரப்பர் மேட்டின் மேல் இன்னொன்றைப் போட்டு வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்போது இறக்கம். மொத்தப் பதிலிலும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆழியாறு வால்பாறைக்கு நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. இதில் கல்லட்டிதான் செங்குத்து. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்கவிடாமல் போலீஸ் திருப்பி அனுப்பும் அளவுக்கு அங்கே விபத்து நடந்திருக்கிறது. ஓமானில் ஜபல் அக்தர் மலையும் அப்படித்தான். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை மட்டுமே மேலே விடுவார்கள். இறங்கும் வழியில் பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் மேடேறும் பாதைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அவற்றைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

'டி'யில் காலை எடுத்துவிட்டு இறங்கினால் என்ன ஆகும்? காலை எடுத்ததும் கியர்பாக்ஸ், இவருக்கு இழுவை தேவையில்லை போல என்று நினைத்துக்கொண்டு நாலு, ஐந்து என்று மேல் கியருக்குப் போகும். மேல் கியரில் என்ஜின் வண்டியை அநேகமாகப் பிடிப்பதே இல்லை. இதில் டீசலுக்கு ஒரு கூடுதல் குறை உண்டு. பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்தால் காற்று வரும் வழி அடைபட்டு என்ஜினே மூச்சுமுட்டி வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த அடைப்பு அந்த அளவுக்குக் கிடையாது. பஸ்ஸிலும் லாரியிலும் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருப்பது இதனால்தான். நம் பிக்கப்பில் அது இல்லை. ஆகவே என்ஜின் பிடிக்க வேண்டுமென்றால் அதை வேகமாகச் சுற்றவைக்க வேண்டும், அதாவது கியரைக் கீழே இறக்க வேண்டும்.

கூட்டல் கழித்தல் குறிகள் அதற்குத்தான். லீவரை 'டி'யிலிருந்து பக்கவாட்டில் தள்ளினாலோ, சில வண்டிகளில் கீழே இழுத்து 'எஸ்'ஸில் வைத்தாலோ கியரைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். கழித்தல் பக்கம் ஒரு தட்டு, ஒரு கியர் கீழே. திரையில் வரும் எண்ணைக் கவனியுங்கள். சில வண்டிகளில் 3 என்றால் மூன்றாவது கியரேதான். சிலவற்றில் மூன்றுக்கு மேல் போகாது, தேவைப்பட்டால் இரண்டுக்கும் ஒன்றுக்கும் தானே இறங்கும் என்று அர்த்தம். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களில் 'டி'க்குக் கீழே 3, 2, 'எல்' என்று இருக்கும். வேலை ஒன்றுதான்.

எந்த கியர்? லாரிக்காரர்களின் பழைய கணக்கு: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. ஆட்டோமேட்டிக்கிலும் இது செல்லும். ஏறும்போது கையால் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மாற்றி, எந்த இடத்தில் எந்த கியர் தேவைப்பட்டது என்று பார்த்து வையுங்கள். வால்பாறை ரோட்டில் எனக்கு நேர்ப்பகுதிக்கு மூன்று, வளைவுக்கு இரண்டு சரியாக இருக்கிறது. லோடு இருந்தால் பெரும்பாலும் இரண்டுதான். காலை எடுத்தால் வண்டி தன் போக்கில் நிதானமாக இறங்க வேண்டும், எப்போதாவது ஒருமுறை பிரேக் தொட்டால் போதும் என்றிருந்தால் கியர் சரி. ஒவ்வொரு ஐம்பதடிக்கும் பிரேக் தேவைப்பட்டால் இன்னும் ஒன்று இறக்குங்கள். என்ஜின் 3,000 சுற்றில் உறுமும். கிளட்ச் வண்டிக்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் மனசு பதறும். பதற வேண்டாம், டீசல் ஊறாமல் வெறுமனே சுற்றும் சத்தம் அது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வேகம் பிடித்த பிறகு கழித்தல் பக்கம் தட்டினால் என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும் என்று கியர்பாக்ஸ் மறுத்துவிடும். ஒரு பீப் சத்தம் வரும், எண் மாறாது. பிரேக் சூடாகி, பெடல் கீழே போய்க்கொண்டிருக்கும் வேளையில் அந்தப் பீப் சத்தத்தைக் கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை. அப்படி ஒரு நிலை வந்தேவிட்டால் பிரேக்கால் முடிந்த அளவு வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கியராகத் தட்டுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், மலைப்பக்கச் சுவரில் உரசியாவது நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

பிரேக்கை மிதிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. லேசாகக் காலை வைத்தபடியே கீழ்வரை வருவதுதான் லைனரைக் கொல்லும். நன்றாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் அது காற்று வாங்கும். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் டீ குடியுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

மழைக்காலத்துக்கு ஒரு திருத்தம். பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருந்தால் மிக லேசு. 2 ஹையில் என்ஜின் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான். ஈரமான வளைவின் நடுவே சட்டென்று மூன்றிலிருந்து இரண்டுக்குத் தட்டினால் பின்பக்கம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பப் பார்க்கும். வளைவுக்கு முன்னால், ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே தட்டி முடித்துவிடுங்கள். தோட்டத்துக்குள் இருக்கும் செம்மண் இறக்கத்தில் 4 ஹை போட்டால் அந்தப் பிடி நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்துபோகும். இன்னும் செங்குத்தென்றால் 4 லோவில் முதல் கியர். அங்கே இழுவையும் பிடியும் சுமார் இரண்டரை மடங்கு கூடும், வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் தானாக இறங்கும். காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் 2 ஹைக்கு மாற்றிவிட வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிய நிலையில் வளைவுகளில் திரும்பினால் வண்டி முரண்டு பிடிக்கும், உள்ளே பற்கள் முறுக்கேறும். வண்டியில் இறக்க உதவிப் பொத்தான் இருந்தால் அதையும் இந்த மண்பாதையோடு வைத்துக்கொள்ளுங்கள். அது என்ஜினால் பிடிப்பதில்லை, பிரேக்கைத்தான் விட்டுவிட்டு அழுத்துகிறது. முப்பது கிலோமீட்டர் மலை ரோட்டுக்கு அது மாற்று ஆகாது.

ஏற்றத்தில் 'டி' போதும். லோடு ஏற்றிப் போகும்போது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே மாறி மாறித் தடுமாறினால் கையால் நாலிலோ மூன்றிலோ நிறுத்திவிடுங்கள். ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் கிளட்ச் வண்டிக்காரர்கள் எல்லோரிடமும் உண்டு. அங்கே கிளட்ச் தேயும், இங்கே, கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே என்ஜினை கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் ஆயில் கொதிக்கும். பிரேக் மிதியுங்கள். அப்புறம், இடது காலை மடக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். இல்லாத கிளட்சைத் தேடி அது பிரேக்கைப் போய் மொத்தமாக அழுத்தும், முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி போனால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம் உண்டாக்கும் பம்பு என்ஜினால்தான் ஓடுகிறது. என்ஜின் ஓடாமல் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாமல் கியர் பிடிக்காது. அதே காரணத்தால், வண்டி நடுவழியில் படுத்துவிட்டால் கயிறு கட்டி 'என்'னில் இழுத்துக்கொண்டு போகவிடாதீர்கள். பின்சக்கரம் சுற்றச் சுற்ற ஆயில் இல்லாமல் உள்ளே காய்ந்து தேயும். முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தை ரோட்டில் உருட்டும் ரெக்கவரி வண்டியும் வேண்டாம். முழுதாக ஏற்றிக்கொண்டு போகும் தட்டு வண்டியைக் கூப்பிடுங்கள், கூடுதல் காசு ஆனாலும். பேட்டரி முழுதாக இறந்து லீவரே 'பி'யை விட்டு வரவில்லையென்றால், பல வண்டிகளில் லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றிச் சாவி முனையாலோ பேனாவாலோ உள்ளே அழுத்திக்கொண்டு இழுத்தால் வரும். பேட்டரி நன்றாக இருந்தும் லீவர் வரவில்லை, பின்னால் பிரேக் விளக்கும் எரியவில்லை என்றால் பிரேக் பெடலில் இருக்கும் சுவிட்ச் போயிருக்கும். சின்ன பாகம்தான். ஆனால் அந்த மூடியைத் திறந்து 'பி'யிலிருந்து விடுவிக்கும் முன்பு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கொள்ளுங்கள். விடுவித்த அந்த நொடியிலிருந்து வண்டியைப் பிடிக்க வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.